பொய்யிரையும் அலைவாய்க்கரையும்

கடலில் வாழும் வேட்டை மீன்கள் பலவும் தம் இரையை முழுதாகப் பார்த்துத் தெளிந்த பிறகு கவ்வுவதில்லை. நுரையும் மணலும் கலங்கிய நீரில் ஒரு கணம் மின்னி மறையும் ஒளியையோ, அடிபட்ட குஞ்சு மீன் தடுமாறும்போது எழும் அதிர்வையோ, தலைக்குமேல் ஓடும் நிழலையோ நம்பிப் பாய்ந்துவிடுகின்றன. அந்த ஒற்றை அடையாளத்தை மட்டும் காட்டி, உண்ணத்தக்க எதையும் கொடுக்காமல் மீனை முள்ளில் ஏற்றும் பொருளே பொய்யிரை. தூண்டில்காரர்கள் இன்று 'லூர்' என்று பொதுவாகவும், வடிவத்துக்கு ஏற்ப ஸ்பூன், ஜிக், பாப்பர், ரப்பர் மீன் என்றும் சொல்லும் இவை, மண்புழுவோ இறாலோ மத்தித் துண்டோ கோத்த தூண்டிலிலிருந்து வேறுபடுவது இந்தக் காரணத்தால்தான்.

ஆனால் கரையில் நின்று கடல்மீனைப் பொய்யிரையால் பிடிக்க இந்த ஏமாற்று மட்டும் போதாது. அலை உடைந்து நுரைக்கும் பட்டையைத் தாண்டிப் பொய்யிரையைக் கொண்டுசேர்க்க வேண்டும். சேர்த்த பின், அது உயிருள்ளதுபோல் அசையும்படி கயிற்றை விடாமல் இழுக்கவும் வேண்டும். அலையை எப்படிக் கடப்பது என்ற இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு கரையும் தன்னிடமிருந்த மரம், உலோகம், நார், படகு ஆகியவற்றைக் கொண்டு வெவ்வேறு விடை கண்டது. அட்லாண்டிக் பெருங்கடலின் அமெரிக்கக் கரையினர் பொய்யிரையைக் கனமாக்கிக் கையால் வீசினார்கள். சோழமண்டலக் கரையினர் கட்டுமரத்தில் ஏறித் தாங்களே அலையைக் கடந்து, பொய்யிரையை ஆழ்நீரில் இழுத்தும் மிதக்கவிட்டும் மீனை வரவழைத்தார்கள். கடற்கரைப் பொய்யிரையின் வரலாறு பெரும்பாலும் இந்த இரண்டு விடைகளும் தனித்தனியே வளர்ந்து, அண்மைக் காலத்தில் ஒரே கற்சுவரின்மேல் வந்து சேர்ந்த வரலாறாகும்.

மணற்கரையை ஒட்டிய கடல் பார்வைக்குச் சீராகத் தெரிந்தாலும், நீருக்கடியில் மேடும் பள்ளமுமாகவே அமைந்திருக்கிறது. அலைகள் கரைக்கு இணையாக மணல் திட்டுகளைக் குவிக்கின்றன. திட்டுக்கும் கரைக்கும் நடுவே நீண்ட பள்ளம் உண்டாகிறது. கரையேறிய நீர் திட்டை அறுத்துக்கொண்டு கடலுக்குத் திரும்பும் இடங்களில் இழுப்பு மிகுந்த ஓட்டம் பிறக்கிறது. அலை புரட்டிப்போடும் நண்டையும் சிப்பியையும் புழுவையும் தேடிச் சிறு மீன்கள் பள்ளத்துக்கு வர, அந்தச் சிறு மீன்களைத் தேடிக் காலா, பாரை, கட்டா, கொடுவா, ஊளி போன்ற வேட்டை மீன்கள் விடியலிலும் அந்தியிலும் கரையை நெருங்குகின்றன. கன்னியாகுமரிப் பக்கத்தில் பொழிமுகம் எனப்படும் ஆற்று வாய்களில், ஓதம் வடியும்போது கழியிலிருந்து அடித்துவரப்படும் குஞ்சுகளுக்காக அவை காத்திருப்பதும் உண்டு. நீர் கலங்கிக் கண் உதவாத நேரத்தில், உடலின் இரு பக்கமும் தலையிலிருந்து வால்வரை ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பு நீரின் மெல்லிய அசைவையும் மீனுக்குச் சொல்லிவிடுகிறது. எனவே நல்ல பொய்யிரைக்கு மீனின் உருவம் கட்டாயமில்லை. வேட்டை மீன் நம்பும் மினுக்கமோ அதிர்வோ இருந்தால் போதும்.

சிப்பியும் இறகும்

தூண்டில் மிகப் பழைய கருவி. கிழக்குத் திமோரின் ஜெரிமலைப் பாறைக் குடைவில் நடந்த அகழாய்வின் முடிவுகள் 2011-இல் வெளியானபோது, ஏறத்தாழ 42,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வாழ்ந்தோர் சூரை போன்ற வேகமாக நீந்தும் கடல்மீன்களை உண்டது தெரியவந்தது. 23,000 முதல் 16,000 ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கணிக்கப்பட்ட, சிப்பி ஓட்டில் செதுக்கிய தூண்டில் முள்ளும் அங்கே கிடைத்தது. சிந்துவெளியின் ஹரப்பா, மொகஞ்சதாரோ, லோத்தல் ஆகிய இடங்களில் செம்பு முட்கள் கிடைத்துள்ளன. தமிழில், குறுந்தொகைப் புலவர் ஒருவர் தூண்டில் கோலை உவமையாக ஆண்டதால் மீனெறி தூண்டிலார் என்றே பெயர் பெற்றிருப்பது, கோலும் கயிறும் கொண்ட தூண்டில் சங்க காலத்தில் அன்றாடப் பொருளாக இருந்ததைக் காட்டுகிறது. இருப்பினும், முள் கிடைத்த இடங்களில் பொய்யிரை கிடைப்பது அரிது. இறகு, மயிர், நார், தழை, தோல் ஆகிய அதன் பாகங்கள் மண்ணில் மட்கிப்போகின்றன. உலோகமும் ஓடும் மட்டுமே எஞ்சுகின்றன. அதனால் பொய்யிரையின் தொடக்கத்தை அகழாய்வைக் காட்டிலும் எழுத்திலும், அண்மைக் காலம்வரை அதைச் செய்துவந்த மக்களின் பழக்கத்திலும் தேட வேண்டியிருக்கிறது.

எழுத்துச் சான்றுகளில் முதன்மையானது, விலங்குகளின் இயல்பைப் பற்றிக் கிரேக்க மொழியில் நூல் எழுதிய ரோமானியர் ஈலியனுடையது. கி.பி. 2, 3-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அவர், மக்கெதோனியாவின் ஆற்றில் மீன்பிடிப்போர் முள்ளைச் சுற்றிச் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றிச் சேவல் இறகுகளைச் சேர்த்துக் கட்டிப் பூச்சியைப்போல் மிதக்கவிட்டதைக் குறிப்பிடுகிறார். அதே நூலில், கடலில் படகை விரைவாகத் துடுப்பிட்டு, சாயமேற்றிய கம்பளியும் கடற்பறவையின் இறகும் கட்டிய முட்களைப் பின்னால் இழுத்து இளஞ்சூரைகளைப் பிடித்ததும் இடம்பெறுகிறது. உப்புநீரில் பொய்யிரை பயன்பட்டது குறித்த மிகப் பழைய குறிப்புகளுள் இது ஒன்று.

பசிபிக் தீவுகளில் இக்கலை இன்னும் நுணுக்கம் பெற்றது. முத்துச்சிப்பியின் உட்புறப் பளபளப்பு கெடாதபடி நீளமாக அறுத்துத் தேய்த்து உடலாக்கி, ஆமை ஓட்டிலோ எலும்பிலோ செதுக்கிய முள்ளை அதன் அடியில் நாரால் கட்டி, வால்புறத்தில் பன்றி மயிரோ இறகோ சேர்த்துச் சூரைக்கான பொய்யிரையைப் பாலினீசியர் செய்தார்கள். படகின் வேகத்தில் சிப்பி உருள, அதன் வண்ணம் கணத்துக்குக் கணம் மாறும். மயிர்க்கற்றை நேராக ஓடவைக்கும். 1768-க்கும் 1779-க்கும் இடையில் மூன்று பயணங்கள் மேற்கொண்ட கேப்டன் குக்கின் கப்பல்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்த பொருள்களில் இத்தகைய தூண்டில்களும் அடக்கம். நியூசிலாந்தின் மாவோரியர் நீலமும் பச்சையுமாக மின்னும் பாவா என்னும் சிப்பியை மரத்தில் பதித்து, ஆற்று வாய்களில் திரளும் கஹவாய் மீனுக்குப் பயன்படுத்தினார்கள்.

மினிக்காயின் வெறும் முள்

தமிழ்ச் சமையலறையில் நெடுங்காலமாகப் புழங்கும் ஓர் உணவுப் பொருள் பொய்யிரையால் பிடித்த மீனிலிருந்து வருகிறது. தூத்துக்குடியிலும் கன்னியாகுமரியிலும் இலங்கைத் தமிழர் வீடுகளிலும் மாசி அல்லது மாசிக்கருவாடு எனப்படும், கட்டைபோல் இறுகிய அந்தத் துண்டு, வரிச்சூரை மீனை வேகவைத்துப் புகையிலிட்டு வெயிலில் உலர்த்திச் செய்யப்படுவது. மாலத்தீவுகளிலும், அத்தீவுகளின் மொழியும் பண்பாடும் கொண்ட லட்சத்தீவின் தென்கோடித் தீவான மினிக்காயிலும் அந்தச் சூரை மூங்கில் கோலாலும் இரையில்லா முள்ளாலும் பிடிக்கப்படுகிறது. 1343-இல் மாலத்தீவுக்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, இவ்வாறு பதப்படுத்திய மீன் இந்தியா, சீனா, யேமன் ஆகிய நாடுகளுக்கு ஏற்றுமதியானதை எழுதியிருக்கிறார். ஆக, இம்மீன்பிடிப்பின் வணிகம் ஏறத்தாழ 7 நூற்றாண்டுப் பழமை உடையது.

இம்முறையில் மெய்யிரையும் பொய்யிரையும் கைகோத்து வேலை செய்கின்றன. பவளத்திட்டுகளுக்கு நடுவிலுள்ள அமைதியான நீரில் பிடித்த சிறு மீன்களை, கடல்நீர் புகுந்து வெளியேறும் வகையில் அமைத்த படகின் அறையில் உயிரோடு வைத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். சூரைக் கூட்டம் தென்பட்டதும் ஒருவர் அந்தக் குஞ்சுகளைப் பிடிபிடியாக அள்ளி எறிய, மற்றவர்கள் நீரின் மேற்பரப்பில் தண்ணீரை வாரி இறைக்கிறார்கள். விழும் துளிகள் சிறு மீன்கள் துள்ளுவதுபோல் தோன்றிச் சூரையைப் படகோடு பிணைத்துவிடுகின்றன. வெறிகொண்ட கூட்டத்தின் நடுவே, மெருகேறிப் பளபளக்கும் வெறும் முள்ளை இறக்கினால் சூரை அதையும் குஞ்சென்று கவ்வுகிறது. முள்ளில், மீன் நழுவாதபடி தடுக்கும் எதிர்முள் கிடையாது; கோலைத் தலைக்குமேல் வீசியதும் மீன் தானே கழன்று படகுக்குள் விழ, முள் மீண்டும் நீருக்குப் போகிறது. கூட்டம் கலையும் முன் எத்தனை முறை கோல் விழுந்தெழுகிறதோ அத்தனை மீன் என்பதால், எதிர்முள் இல்லாமை இங்கே குறையாகாமல் வேகமாகிறது. ஒவ்வொரு மீனையும் தனித்தனியே பிடிப்பதால் ஆமை, ஓங்கில் போன்றவை சிக்குவது மிகக் குறைவு. மாலத்தீவின் கோல்தூண்டில் வரிச்சூரை மீன்பிடிப்பு 2012-இல் நிலைத்த மீன்வளத்துக்கான பன்னாட்டுச் சான்றிதழைப் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோலாவை அழைத்த தழை

சோழமண்டலக் கரையின் நிலை வேறு. பவளத் திட்டுகளின் அரணோ பெரிய இயற்கைத் துறைமுகமோ இல்லாத இந்த நீண்ட மணற்கரையில் ஆண்டு முழுவதும் அலை உடைகிறது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, பயணிகளும் சரக்கும் தைத்த பலகைகளால் ஆன மசூலாப் படகுகளில் கரைசேர்ந்த காலத்தில், சென்னையின் அலை ஐரோப்பியர் குறிப்புகளில் அச்சத்தோடு பேசப்பட்டது. அந்த அலையைக் கடக்க இக்கரை மக்கள் கண்டதுதான் கட்டுமரம். நீரைத் தடுக்கும் பக்கச் சுவர் இல்லாததால் அலை அதன்மேல் ஏறி, மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும், கவிழ்ந்தாலும் மூழ்காது. கரையோரப் பள்ளத்துக்கு வரும் மீனுக்கோ கரைவலை இருந்தது. வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டு, படகு அலைக்கு அப்பால் வளைந்து சென்று வலையை இறக்கி, மறு கயிற்றை வேறோர் இடத்தில் கரைசேர்க்க, இரு பக்கமும் ஆட்கள் நின்று இழுத்துப் பள்ளத்திலுள்ள மீனை ஒட்டுமொத்தமாக வளைத்துக் கொண்டுவரும் முறை அது. கட்டுமரமும் கரைவலையும் இருந்த இடத்தில், கரையில் தனியொருவர் நின்று பொய்யிரையை வீசும் தேவை எழவில்லை. இக்கரையின் ஏமாற்றுக் கலை கடலுக்குள்ளேயே வளர்ந்தது.

அதன் மிகச் சிறந்த சான்று கோலா மீன்பிடிப்பு. கோலா என்பது மார்புத் துடுப்புகளை விரித்து நீருக்குமேல் காற்றில் மிதந்து செல்லும் பறவை மீன். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், சோழமண்டலக் கரையின் கோலா மீன்பிடிப்பையும் அம்மீன் முட்டையிடும் முறையையும் ஆராய்ந்து 1923-இல் அத்துறையின் வெளியீட்டில் எழுதினார். இம்மீனுக்கு அறிவியல் முறையில் சோழமண்டலத்தின் பெயரைச் சூட்டியவரும் அவரே. அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட சோழமண்டல மீன்பிடி முறைகள் குறித்த நூல், இக்கரையின் வலை, தூண்டில், படகு ஆகியவற்றை விரிவாகப் பதிவுசெய்தது.

கோலாப் பருவம் கோடையின் பின்பகுதியில் வருகிறது. நாகப்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து கோலாமரம் எனப்படும் பெரிய பாய்க் கட்டுமரங்கள், கரை கண்ணுக்கு மறையும் தொலைவுக்குச் சென்று இரவும் தங்கின. அவற்றில் தூண்டில் முள் இல்லை. கொழிஞ்சி போன்ற செடிகளின் தழையைக் கட்டுக் கட்டாகக் கட்டிக் கயிற்றில் கோத்து நீரில் மிதக்கவிட்டார்கள். கோலாவின் முட்டைக்கு மெல்லிய நூல் போன்ற இழைகள் உண்டு. மிதக்கும் பாசியிலோ செத்தையிலோ அந்த இழைகள் சுற்றிக்கொண்டால்தான் முட்டை ஆழத்தில் மூழ்காமல் தங்கும். திறந்த கடலில் அத்தகைய மிதவை அரிதாகையால், தழைக்கட்டைக் கண்ட கோலாக்கள் கூட்டமாக வந்து அதற்குள் புகுந்து முட்டையிடத் தொடங்கும். அந்த நேரத்தில் அவற்றுக்கு ஆளின் அசைவும் பொருட்டில்லை. மரத்தில் இருப்போர் தழையை மெதுவாக அருகில் இழுத்து, கைவலையால் அடியிலிருந்து கோரி எடுத்தார்கள். வேட்டை மீனின் பசியை ஏமாற்றும் உலகின் மற்றப் பொய்யிரைகளுக்கு மாறாக, இது முட்டையிட இடம் தேடும் மீனின் தேவையை ஏமாற்றியது. கரீபியக் கடலின் பார்படோஸ் தீவினரும் தழையையும் கரும்புச் சோகையையும் மிதக்கவிட்டு இதே முறையில் பறவை மீனைப் பிடித்தார்கள் என்பது, இரு கரையும் ஒரே மீன் இயல்பை ஒன்றையொன்று அறியாமலே கண்டுகொண்டதைக் காட்டுகிறது. முட்டையிட வரும் மீனையே பிடிப்பதால் அடுத்த தலைமுறை குறையும் என்ற கேள்வி இம்முறையோடு எப்போதும் ஒட்டியிருக்கிறது.

வெள்ளீயமும் கைவீச்சும்

பொய்யிரையைக் கரையிலிருந்தே அலைக்கு அப்பால் எறியும் முறை, 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூஜெர்சி, லாங் ஐலண்ட், கேப் காட் கரைகளில் வேரூன்றியது. வரிவரியான உடலுடைய ஸ்ட்ரைப்டு பாஸும், கூட்டமாக வந்து சிறு மீன்களைக் கடித்துக் குதறும் புளூஃபிஷும் அங்கே கரைவரை வருபவை. கரையோர மக்கள் கோலும் ரீலும் இல்லாமல், கயிற்றை மணலில் வளையமாகப் போட்டு, அதன் நுனியில் கட்டிய உலோக மீனைத் தலைக்குமேல் சுழற்றி விட்டெறிந்து, கைமாற்றிக் கைமாற்றி ஓட்டமாக இழுத்தார்கள். எறிந்து இழுத்தல் என்று அழைக்கப்பட்ட அந்த முறைக்குக் கனமும் மினுக்கமும் ஒருங்கே கொண்ட பொருள் வேண்டியிருந்தது. அதை வெள்ளீயம் தந்தது.

வெள்ளீயத்தின் தகுதியை அதன் இயல்புகளே விளக்கும். 232 டிகிரி வெப்பத்தில் உருகிவிடுவதால் வீட்டு அடுப்பிலேயே காய்ச்சி, மரத்திலோ மாக்கல்லிலோ குடைந்த அச்சில் வார்க்கலாம். உப்புநீரில் இரும்பைப்போல் துருப்பதில்லை. மங்கினால் ஈர மணலை எடுத்துத் தேய்த்தாலே வெள்ளி மெருகு திரும்பிவிடும். காரீயம் இதைவிடக் கனமானது, மலிவானதும்கூட. ஆனால் காற்றுப் பட்டவுடன் கறுத்துவிடும், நீரில் கல்லாக இறங்கியும் விடும். வெள்ளீயமோ கனத்துக்கு ஏற்ற பருமன் கொண்டிருப்பதால் இழுக்கும்போது பக்கவாட்டில் தள்ளாடி ஓடும். அது வளையக்கூடியது என்பதால், மீன் கவ்வாத நாளில் தூண்டில்காரர் அதை விரலால் சற்றே வளைத்து ஆட்டத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடிந்தது. முள்ளை வார்க்கும்போதே உள்ளே பதித்து, வால்புறத்தில் மான் வால் மயிரையோ விலாங்கின் தோலையோ கட்டினார்கள். தட்டையாக, கத்திபோல், முதுகு எழுந்ததாக என்று ஒவ்வொரு கரைக்கும் ஒரு வார்ப்பு உருவானது.

இந்த உலோகத்துக்கு இங்கிலாந்தில் புகழ்பெற்ற இடம், அதன் தென்மேற்கு முனையிலுள்ள கார்ன்வால். அந்தக் கரையில் கானாங்கெளுத்தி பிடிப்போர், அதே மீனின் வால்பக்கத் தோலிலிருந்து வெள்ளிநிறப் பட்டையை அறுத்து முள்ளில் கோத்துப் படகின் பின்னால் இழுப்பது வழக்கம். அமெரிக்கத் தூண்டில்காரர் வெள்ளீயத்தில் தேடிய மினுக்கத்தை அவர்கள் மீன் தோலிலேயே கண்டுகொண்டார்கள்.

எல்லோரும் வீசவில்லை. 1864-இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கட்டிஹங்க் தீவில் செல்வந்தர்கள் அமைத்த சங்கம், கரைப் பாறைகளிலிருந்து கடலுக்குள் நீளும் மரப் பாலங்களைக் கட்டியது. உறுப்பினர் பாலத்தின் முனைக்கு நடந்து சென்று, சிங்கறால் போன்ற மெய்யிரையை நுரையில் இறக்கினால் போதும். கையால் எறிவது உழைப்பாளிகளின் வழி, கடலுக்குள் மேடை கட்டி அலையைக் கடப்பது பணமுள்ளவர்களின் வழி என்று அக்காலத்தில் பிரிந்திருந்தது.

சென்னை மாகாணத்தில் தூண்டில் விளையாட்டு

சென்னை மாகாணத்தில் கோல்தூண்டிலைப் பொழுதுபோக்காக வளர்த்தவர்கள் பிரிட்டிஷ் அதிகாரிகள். அவர்களுள் எழுத்தால் நிலைத்தவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். மாகாண ஆட்சிப் பணியில் இருந்து தென் கன்னட மாவட்டத்தில் ஆட்சியராகவும் பணிபுரிந்த இவர், இந்தியாவில் தூண்டில் பிடிப்பது பற்றி எழுதிய நூல் 1873-இல் மங்களூரில் வெளியாகி, 1881-இலும் 1897-இலும் விரிவான பதிப்புகளைக் கண்டது. ஏரித் தூண்டில் பற்றி 1887-இல் தனி நூலும் எழுதினார். அவர் நாட்டமெல்லாம் பெரிதும் ஆற்றுக் கெண்டையான மகசீர் மீதே இருந்தது. உணவுக்கரண்டியின் குழிப்பகுதியை ஒத்த ஸ்பூன் என்னும் உலோகப் பொய்யிரை, நீரோட்டத்தில் சுழன்று மின்னி மகசீரை இழுத்தது. மைசூர் சமஸ்தானத்துக் காவிரியும் கபினியும் இதற்குப் பெயர்பெற்றன. மைசூரில் விலங்குகளைப் பாடம்செய்யும் தொழில் நடத்திய வான் இன்ஜென் குடும்பத்தவர் ஒருவர் 1946-இல் கபினியில் பிடித்த 120 பவுண்டு மகசீர் இன்றும் எடுத்துச் சொல்லப்படுகிறது. கடற்கரையில் இந்த விளையாட்டு பரவாமைக்குக் கருவியின் குறைபாடு முக்கியக் காரணம். அக்கால ஆற்றுக் கோலும் ரீலும் அலை உடையும் பட்டைக்கு அப்பால் எறியப் போதாதவை.

நூற்பாலை தந்த ரீல்

அந்தக் குறை நீங்கியது மூன்று மாற்றங்களால். முதலாவது ரீல். பழைய ரீலில் கயிறு வெளியேறும்போது உருளையும் சுழல வேண்டும். பொய்யிரை வேகம் குறைந்த பின்னும் உருளை சுழன்றுகொண்டிருந்தால் கயிறு பறவைக்கூடுபோல் சிக்கிக்கொள்ளும். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் கம்பளி ஆலை நடத்திய ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த், ஆலையின் நூற்கண்டிலிருந்து நூல் நுனிவழியே உருவி வருவதைக் கருத்தில் கொண்டு, உருளை அசையாமல் கயிறு மட்டும் உருவிச் செல்லும் ரீலுக்கு 1905-இல் காப்புரிமை பெற்றார். இதனால் மிக இலேசான பொய்யிரையையும் பயிற்சி குறைந்தவரும் எறிய முடிந்தது. இன்று தமிழகத்தின் தூண்டில் கடைகளில் பரவலாக விற்கும் ரீல்கள் இக்கொள்கையில் அமைந்தவையே.

இரண்டாவது கயிறு. ஆளிநாரில் முறுக்கிய பழைய கயிறு நனைந்தால் கனத்து, உலர்த்தாவிட்டால் உளுத்துப்போனது. 1938-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் அறிவித்த நைலான், இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஒற்றை இழைக் கயிறாகப் பரவியது. நம் கடற்கரையில் தங்கூசி என்று வழங்குவது அதுவே. மெல்லியதாகவும் கண்ணுக்குப் புலப்படாததாகவும் இருக்கும் அது காற்றையும் நீரையும் எளிதில் அறுத்துச் செல்வதால் எறியும் தூரம் கூடியது. மூன்றாவது கோல், மூங்கிலின் இடத்தைப் போருக்குப் பின் கண்ணாடி இழை பிடித்துக்கொண்டது.

பொய்யிரையும் இதற்கேற்ப மாறியது. 1942-இல் மலாயாவின் வெள்ளீயச் சுரங்கங்கள் ஜப்பானியர் கைக்குப் போனபோது நேச நாடுகளில் வெள்ளீயம் போர்ப் பொருளாகி அருகியது. அதே பத்தாண்டில் கேப் காட் கரையில் பாப் பாண்ட், ஸ்டான் கிப்ஸ் ஆகியோர் மரத்தைக் கடைந்து செய்த பெரிய மிதவைப் பொய்யிரைகள் கரைத் தூண்டிலின் போக்கை மாற்றின. முகம் குழிந்த பாப்பர், இழுக்கும்போது நீரை முன்னே தெறிக்கவைத்துத் துரத்தப்படும் மீனின் ஓசையை எழுப்பியது. வாயருகே உலோக நாக்கு பொருத்தியது நீருக்குள் தலையாட்டி நீந்தியது. ஃபின்லாந்து மீனவர் லவ்ரி ராப்பாலா 1936-இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய தாளை ஒட்டி, ஒளிப்படச் சுருளை உருக்கிப் பூசிச் செய்ததாக அவர் பெயரிலமைந்த நிறுவனம் சொல்லும் பொய்யிரை, 1962-இல் அமெரிக்காவின் லைஃப் இதழில் வந்த கட்டுரைக்குப் பின் உலகெங்கும் விற்றது. 1949-இல் அமெரிக்காவின் நிக் கிரீம் வார்த்த பிளாஸ்டிக் மண்புழுவிலிருந்து இன்றைய ரப்பர் மீன்கள் கிளைத்தன. கணவாய்க்கு உரிய ஜிக் ஜப்பானின் தென்தீவுகளில் தோன்றியது. இறால் வடிவ மரக்கட்டையின் வால்புறத்தில், வாயால் கவ்வாமல் கையால் அணைக்கும் கணவாயின் பழக்கத்துக்கு ஏற்ப, ஊசிகள் கிரீடம்போல் வட்டமாக நிற்கின்றன.

கற்சுவரின்மேல்

இந்தக் கருவிகள் தமிழகக் கரைக்கு வந்துசேர்ந்தபோது கரையே மாறியிருந்தது. 1876-இல் கட்டத் தொடங்கி, 1881-ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து மீண்டும் எழுந்த சென்னைத் துறைமுகச் சுவர், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்தது; தெற்கே மெரினா அகன்றது, வடக்கே இராயபுரம் பக்கம் கடல் அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினால் அரிப்பு அதற்கும் வடக்கே நகர்ந்தது. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், கடலுக்குள் கல்லால் நீட்டிக் கட்டும் தூண்டில் வளைவுகளும் கற்சுவர்களும் சென்னை முதல் கன்னியாகுமரி வரை பெருகின. கட்டிஹங்க் செல்வந்தர் மரத்தால் கட்டிய மேடையை இங்கே அரசு வேறொரு நோக்கத்துக்காகக் கல்லால் கட்டிவிட்டது. அதன் முனையில் நிற்பவருக்கு அலை உடையும் பட்டை ஏற்கெனவே முதுகுக்குப் பின்னால் இருக்கிறது; கல்லிடுக்கில் சிறு மீன் ஒதுங்குவதால் பாரையும் கொடுவாயும் ஊளியும் எட்டும் தொலைவில் இருக்கின்றன.

இன்று முகத்துவாரங்களிலும் துறைமுகச் சுவர்களிலும் ரீல் தூண்டிலோடு நிற்போர் பலரும் மீன்பிடித் தொழிலைச் சேராதவர்கள். உள்நாட்டிலும் இதன் சாயல் தெரிகிறது. ஏரியில் உயிர்த் தவளையை முள்ளில் கோத்து நீர்மேல் தத்தவிட்டு விரால் பிடித்த இடங்களில் ரப்பர்த் தவளை புகுந்திருக்கிறது. கடல் தொழிலில் பொய்யிரை தன் பழைய இடத்தை விடவில்லை. ஓடும் படகின் பின்னால் வஞ்சிரத்துக்கும் சூரைக்கும் இழுக்கும் தூண்டிலிலும், பளபளக்கும் செயற்கை இழைகளை வரிசையாகப் பல முட்களில் கட்டிக் கானாங்கெளுத்திக் கூட்டத்தில் இறக்கும் தூண்டிலிலும் இறகின் வேலையைப் பிளாஸ்டிக் செய்கிறது. மட்கிப்போன தழைக்கும் நாருக்கும் மாறாக, அறுந்து விழும் ரப்பர் மீனும் தங்கூசியும் கடலடியில் மட்காமல் கிடக்கும் என்பது இந்த மாற்றத்தின் விலை.

இன்னொரு விலையும் உண்டு. கரைவலை இழுக்க அகன்ற மணற்கரையும் கல்லில்லாத கடலடியும் வேண்டும். கட்டுமரமும் நாட்டுப் படகும் ஏற்றிவைக்க மணல்மேடு வேண்டும். கற்சுவர் எழுந்த இடங்களில் இரண்டும் சுருங்கின. வலை வந்த நாளில் அதன் மீன், வலைக்கும் படகுக்கும் கயிறு பிடித்த ஒவ்வொரு கைக்கும் என்று பங்காகப் பிரிந்தது. கற்சுவரின் முனையிலிருந்து வீசும் பொய்யிரையில் ஏறும் மீன் அதை வீசியவருக்கு மட்டும் உரியது. அலையைக் கடக்கும் வழி ஒவ்வொரு முறை மாறியபோதும் அந்தக் கரையின் மீன் யாருக்குச் சேரும் என்பதும் உடன் மாறியிருக்கிறது. கரைப் பாதுகாப்புக்குத் திட்டம் வகுப்போர் மணலின் நகர்வைக் கணக்கிடும்போது இந்தப் பங்கையும் சேர்த்துக் கணக்கிடுவதே முறை.